சோனகதெருவின் குடியிருப்பாளர் யார்?

ஒரு தெருவின் கடந்தகாலத்தை அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டுத் தொகுப்பதென்றால், முதல் வேலை வீடு வீடாகப் போவது என்றுதான் பலரும் நினைப்பார்கள். யாழ்ப்பாணச் சோனகதெருவில் அப்படித் தொடங்கினால் தொகுப்பு முதல் நாளிலேயே பிழையாகிவிடும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி காலையில் ஒலிபெருக்கி அறிவிப்பால் அத்தெருவின் முஸ்லிம் மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரவழைக்கப்பட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் அங்கே அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். அன்று பொழுதுபடுவதற்குள், தலைமுறை தலைமுறையாக மக்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு நகரப் பகுதி ஆளற்றுப் போனது. யாழ் மாவட்டத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 15,000 பேரும், வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களும் அந்த மாதத்தில் துரத்தப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களில் திரும்பி வந்து நிலைத்தவர்கள் சிறு பகுதியினரே. ஆகவே இன்றைய கதவுகளைத் தட்டி மட்டும் எழுதப்படும் வரலாறு, துரத்தியவர்கள் விட்டுச்சென்ற குடிசனப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்ட வரலாறாகவே முடியும். இப்படியொரு தெருவில் ‘குடியிருப்பாளர்’ யார் என்று முடிவு செய்யும் இடத்திலேயே வரலாற்றின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

யாரைக் கேட்பது என்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிய கேள்வியும் அல்ல. மக்களைக் கேட்டு ஊர்வழக்கை எழுதிவைக்கும் முயற்சி இங்கே ஒல்லாந்தர் காலத்திலேயே நடந்திருக்கிறது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி, ஆளுநர் சைமன்ஸின் பணிப்புரைப்படி, யாழ்ப்பாணத்துச் சொத்துரிமை, சீதனம், அடமானம், அடிமை முறை முதலியவற்றைத் தொகுத்தார். அதுதான் தேசவழமை. அவர் இங்கே பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். கேட்டறிந்தும் கண்டறிந்தும் எழுதினார். எழுதியது சரிதானா என்று பார்க்கத் தமிழில் பெயர்த்துக் கொடுக்கப்பட்டது பன்னிரண்டு முதலிமாரிடம். அவர்கள் சரியென்றார்கள், 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள், இன்றும் நீதிமன்றத்தில் அது செல்லுபடியாகிறது. பன்னிரண்டு பேரும் காணியும் பதவியும் உள்ளவர்கள். அடிமைகளைப் பற்றி அந்த நூலில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது சரியா என்று எந்த அடிமையிடமும் கேட்கப்படவில்லை. பெண்ணின் சீதனத்தைப் பற்றியும் நுணுக்கமாக இருக்கிறது. அதைச் சரிபார்த்தவர்களில் பெண் இல்லை. அன்று கேட்கப்பட்டவர்களின் பார்வை முந்நூறு ஆண்டுகளாக ஒரு சமூகத்தின் சட்டமாக நின்றுவிட்டது. சாட்சிகளைத் தெரிவதில் நேரும் சாய்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் குடாநாட்டில் இல்லை.

அடுத்த தலைமுறையில் மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’ வருகிறது. மக்கறா என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது. கைலாயமாலை, வையாபாடல் முதலிய பழைய நூல்களையும் செவிவழிச் செய்திகளையும் வைத்துக் கட்டப்பட்டது. அதில் சோனகரும், அதாவது முஸ்லிம்களும், வருகிறார்கள். நல்லூர்ப் பக்கம் குடியிருந்த சோனகரை அகற்றுவதற்காக அவர்களுடைய கிணறுகளில் பன்றியிறைச்சி போடப்பட்டதாகவும், அவர்கள் மனம் வெறுத்து நாவாந்துறைப் பக்கம் போய்க் குடியேறியதாகவும் ஒரு கதை அதில் இருக்கிறது. அந்தக் கதை நடந்ததா, எந்த ஆண்டில் நடந்தது என்பதை ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். இங்கே கவனிக்க வேண்டியது கதைசொல்லி நிற்கும் இடம். சோனகர் ஏன் இடம்மாறினார்கள் என்பதை, அவர்கள் விட்டுப்போன இடத்தில் தொடர்ந்து இருந்தவர்களே சொல்கிறார்கள். போனவர்கள் அதைத் தங்கள் வீட்டில் எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பது நூலில் இல்லை. ஒரு மக்கள்கூட்டம் நகர்த்தப்பட்டதற்கான பழைய எழுத்துச் சான்று அண்டை வீட்டாரின் வாயிலிருந்து மட்டும் வந்திருக்கிறது. 1990ஐப் பற்றி எழுதும்போது அதே இடைவெளி மறுபடி விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது எழுதுகிறவர்களுக்கு இருக்கிறது.

சோனகதெரு ஓர் ஒதுங்கிய குடியிருப்பாக இருந்ததில்லை. கோட்டைக்கும் பெரியகடைக்கும் வடமேற்கே, வண்ணார்பண்ணைக்கும் நாவாந்துறைக்கும் ஒட்டுமடத்துக்கும் நடுவே அது கிடக்கிறது. ஒரு பக்கம் ஒல்லாந்தர் காலத்தில் வைத்திலிங்கச் செட்டியார் கட்டிய வைத்தீசுவரன் கோயிலும், 1848இல் ஆறுமுக நாவலர் பள்ளிக்கூடம் தொடங்கிய வண்ணை மண்ணும். இன்னொரு பக்கம் கத்தோலிக்க மீனவர் குடியிருப்பு. நடுவில் பள்ளிவாசல்களும் மதரசாக்களும். யாழ்ப்பாண நகரத்தின் தையற்கடைகளிலும் இரும்புக்கடைகளிலும் இறைச்சிக்கடைகளிலும் லொறிப் போக்குவரத்திலும் நகை வியாபாரத்திலும் இத்தெருவின் கைகள் இருந்தன. 1911இல் இங்கே பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் குர்ஆன் மதரசாவில் தொடங்கி, வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமாகவும், பின்பு கொழும்பு சாகிராக் கல்லூரியின் புகழ்பெற்ற அதிபராகவும் ஆனார். 1950களில் எம்.எம். சுல்தான் யாழ்ப்பாண நகரின் மேயராக இருந்தார்; பெரும்பான்மை தமிழர்கள் கொண்ட ஒரு மாநகர சபை அது. இந்தச் செய்திகள் எல்லாம் அச்சில் இருப்பவை. ஆனால் கிணற்றுக்கட்டில் யார் யாரோடு பேசினார்கள், நோன்புக் கஞ்சி எந்த வேலிக்கு மேலாகப் போனது, எந்த வேலிக்கு மேலாகப் போகவில்லை, தீபாவளிச் சட்டை எந்தத் தையற்காரரிடம் கடனில் தைக்கப்பட்டது என்பவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. ஒரு தெருவின் பன்மை நடந்த இடங்கள் இவை. இவற்றுக்கு மனிதர்களின் ஞாபகத்தை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

ஞாபகத்தை நம்பி வரலாறு எழுதலாமா என்பதுதான் வழமையாக எழும் முதல் மறுப்பு. மறுப்பில் நியாயம் உண்டு. வெளியேறியபோது கொண்டுபோக அனுமதிக்கப்பட்ட பணம் எவ்வளவு என்று கேட்டால், பதிவான வாக்குமூலங்களில் 150 ரூபாயும் வருகிறது, 500 ரூபாயும் வருகிறது. இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின்பு சொல்லப்படும் தொகையில் தடுமாற்றம் இருப்பது இயல்பு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அப்படி ஒதுக்குவது சோம்பல். ஊருக்கு ஊர், சோதனைச் சாவடிக்குச் சாவடி தொகை மாறியிருக்கிறது. அந்த வேறுபாட்டை ஊர்வாரியாக, சாவடிவாரியாக அடுக்கிப் பார்த்தால், கட்டளை மேலிடத்திலிருந்து வந்தாலும் அதை எப்படி நிறைவேற்றுவது என்பது அந்தந்த இடத்துப் பொறுப்பாளரின் கையில் இருந்தது என்று கொள்ள இடமுண்டு. அதே சமயம், மைதானத்தில் கூட்டப்பட்டது, இரண்டு மணித்தியாலக் கெடு, காரணம் சொல்ல மறுக்கப்பட்டது, வெளியேறும் வழியில் நகையும் பணமும் பறிக்கப்பட்டது ஆகிய இடங்களில் வாக்குமூலங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒன்றையொன்று அறியாத ஆட்கள், வெவ்வேறு முகாம்களில், வெவ்வேறு ஆண்டுகளில் சொன்னவை அவை. ஒத்துப்போகும் இடமும் ஒத்துப்போகாத இடமும் சேர்ந்துதான் சான்றாகின்றன. தொகுப்பவர் செய்யக்கூடாத ஒரே காரியம், முரண்பாட்டைத் திருத்தி எல்லோர் வாயிலும் ஒரே தொகையைப் போடுவது.

ஆவணங்களை மட்டும் நம்பலாம் என்பவர்கள் யாழ்ப்பாணத்து ஆவணங்களின் கதியையும் நினைக்க வேண்டும். 1981 ஜூன் முதலாம் திகதி விடியுமுன்னர் எரிந்த யாழ் பொதுநூலகத்தில் 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் போயின. 1990இல் வெளியேறியவர்கள் காணி உறுதிகளையும் கல்விச் சான்றிதழ்களையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் வீட்டிலேயே விட்டுச் சென்றார்கள். சிலரிடமிருந்து அவை வழியில் பறிக்கப்பட்டன. எஞ்சியிருக்கும் அரசாங்கப் பதிவுகளும் நடுநிலையானவை அல்ல. கிராம அலுவலரின் பட்டியல் இப்போது யார் இங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்கும்; இருந்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்காது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், தானே வடபுலத்துக்காரர், வெளியேற்றத்துக்குப் பின்பு பல ஆண்டுகளாகப் புத்தளத்து அகதி முகாம்களில் குடும்பம் குடும்பமாக இழப்புகளைப் பதிந்தார். அந்த உழைப்பின் பயனாக 2001இல் வெளிவந்த நூல், முஸ்லிம் அகதிகளை இலங்கை இனமுரண்பாட்டின் மறக்கப்பட்ட மக்கள் என்று தலைப்பிலேயே அழைத்தது. 2018இல் அவர் மறைந்தார். அரசாங்கத்தின் கோப்புகள் செய்யத் தவறியதை முகாமில் இருந்து கேட்ட ஒரு புவியியலாளரின் குறிப்பேடுகள் செய்தன.

கேட்கும் முறையிலும் யாழ்ப்பாணத்தில் புதுமை நடந்திருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலை வெளியிட்டார். தோம்பு என்பது ஒல்லாந்தர் வைத்திருந்த காணிப் பதிவேடு. யாருடைய காணி, எவ்வளவு பங்கு, என்ன மரம் என்று எழுதிவைத்த கணக்கு. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் அணுகித் தாங்கள் இழந்த வீட்டின் தளவமைப்பை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். ஆட்சியாளரின் தோம்பு வரிக்காக எழுதப்பட்டது. இந்தத் தோம்பை வீட்டை இழந்தவர்கள் தங்கள் கையாலேயே எழுதினார்கள். ‘உங்கள் துயரத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும் ஒருவரிடம், ‘அடுப்படி எந்தப் பக்கம், கிணறு எங்கே, முன்வாசல் எந்தத் திசை’ என்று கேட்டால் கை தானாக நகரும். அந்தக் கோடுகளோடு கதையும் வரும். காணி எல்லையும் வரும், யார் அடுத்த வீட்டுக்காரர் என்பதும் வரும். ஒரு பன்மைத் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்விமுறை இருக்குமா என்பது சந்தேகமே. ஏனென்றால் வீட்டின் வரைபடத்தில் அடுத்த வீட்டை வரையாமல் இருக்க முடியாது.

உலகில் வேறெங்கும் இப்படி யோசித்திருக்கிறார்களா என்று பார்த்தால் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நினைவுக்கு வருகிறது. அங்கே ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்ற பகுதியில் பல இனத்தவரும் பல மதத்தவரும் கலந்து வாழ்ந்தார்கள். 1966இல் நிறவெறி அரசாங்கம் அதை வெள்ளையருக்கு மட்டுமான பகுதியென்று அறிவித்து, பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 பேரை வெளியேற்றி வீடுகளை இடித்தது. 1994இல் திறக்கப்பட்ட அதன் அருங்காட்சியகத்தின் தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடம் விரிக்கப்பட்டிருக்கிறது; முன்னாள் குடியிருப்பாளர்கள் வந்து தங்கள் பெயரையும் வீடு இருந்த இடத்தையும் அதில் எழுதினார்கள். அங்கே யாருக்கும் குடியிருப்பாளர் யார் என்பதில் குழப்பமில்லை. வெறும் தரையாகக் கிடந்த இடத்துக்குச் சொந்தக்காரர்கள், அங்கே இல்லாதவர்கள்தான். யாழ்ப்பாணத்தில் இதைவிடச் சிக்கல் அதிகம். அங்கே துரத்தியது ஓர் ஒடுக்கும் அரசு. இங்கே துரத்தியது, தானே ஒடுக்கப்பட்ட ஒரு மக்களின் பெயரால் ஆயுதம் ஏந்திய அமைப்பு. துரத்தப்பட்டவர்களும் துரத்தியவர்களும் பேசியது ஒரே தமிழ்.

இங்கேதான் இரண்டாவது மறுப்பு எழுகிறது: தமிழர் பட்ட துயரம் என்ன குறைவா, அதைக் கேட்டு முடிப்பதற்குள் இதை ஏன் கிளறுவது? இதைச் சொல்பவர்கள் எல்லோரும் தீய நோக்கத்தோடு சொல்வதில்லை. சோனகதெரு காலியாகிச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்து மக்கள் முழுவதும் ஒரே இரவில் வெளியேறும்படி அறிவிக்கப்பட்டது. செம்மணி வழியாகவும் நாவற்குழி வழியாகவும் மழையில் நடந்த இலட்சக்கணக்கானவர்களின் கதை இன்னும் முழுதாகப் பதியப்படவில்லை. அதுவும் பதியப்பட வேண்டும். ஆனால் ஒரு துயரத்தைக் கேட்க இன்னொன்று வரிசையில் காத்திருக்க வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? இரண்டு வெளியேற்றங்களுக்கும் இடையில் வேறுபாடும் உண்டு. 1996 சித்திரை, வைகாசியில் வலிகாமத்துத் தமிழர்களில் பெரும்பகுதியினர் திரும்பி வந்தார்கள். வீடு உடைந்திருந்தாலும் அந்த வீடு அவர்களுடையது என்பதில் கேள்வி எழவில்லை. 1990இல் போனவர்கள் திரும்பிவர முடியாமல் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்காக மன்னிப்புக் கேட்டபோதுதான் அந்த வாசல் சிறிதளவு திறந்தது. கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்ததையும், 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் புலிகள் செய்ததையும் அடுக்கி ஒரு காரணச் சங்கிலி கட்டுபவர்களும் இருக்கிறார்கள். காரணத்தை ஆராயலாம். ஆனால் சோனகதெருத் தையற்காரர் அந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் இல்லை என்பதை ஆராய்ச்சி மறைத்துவிடக் கூடாது.

மூன்றாவது மறுப்பு நுணுக்கமானது. அதை எதிர்கொள்வது கடினமும்கூட. ஊரை இழந்தவர்கள் இழந்த ஊரை அழகாக்குவார்கள். புத்தளத்துத் தில்லையடியிலும் நீர்கொழும்புப் பெரியமுல்லையிலும் வாழும் யாழ்ப்பாண முஸ்லிம் முதியவர்கள் பழைய நாட்களைச் சொல்லும்போது, தமிழரும் முஸ்லிமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தோம் என்பார்கள். இதே வாக்கியத்தை யாழ்ப்பாணத்துத் தமிழ் முதியவர்களும் சொல்வார்கள். இரு தரப்பும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்போது அது உண்மை என்று முடிவுகட்டத் தோன்றும், கவனம் தேவை. வாக்கியம் ஒன்றென்றாலும் அது செய்யும் வேலை வேறு. போனவர் சொல்லும்போது, எனக்கு இங்கே உரிமை இருந்தது என்று அர்த்தம். இருந்தவர் சொல்லும்போது, எங்கள்மேல் குற்றமில்லை என்ற அர்த்தமும் அதற்குள் ஒளிந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய, நல்லுறவு பற்றி நேரே கேட்காமல் கொடுக்கல்வாங்கலைக் கேட்க வேண்டும்: எந்த வீட்டில் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள், எந்த வீட்டில் திண்ணையோடு நின்றீர்கள், உங்கள் கலியாணத்துக்கு யார் வந்தார்கள், வந்து எங்கே சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் யார் எந்த வாங்கில் இருந்தார்கள். சாதி ஒழுங்கு இறுகிய ஒரு நகரம் இது; கே. டானியல் தன் ‘பஞ்சமர்’ நாவலில் அதன் முகத்தைக் காட்டி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த ஒழுங்குக்குள் முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட இடம், மதிப்பும் தூரமும் கலந்த ஓர் இடம். சகோதரர்களாக இருந்தோம் என்ற வாக்கியத்தைப் பொய்யென்று தள்ளவும் தேவையில்லை, அப்படியே அச்சடிக்கவும் தேவையில்லை. அது எந்தச் சாப்பாட்டுப் பந்தி வரை நீண்டது என்று அளந்தால் போதும்.

காயத்தைக் கிளறுவது என்ற கவலைக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். கொழும்பின் ‘லோ அன்ட் சொசைட்டி ட்ரஸ்ட்’ அமைத்த மக்கள் ஆணைக்குழு வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிப் பல இடங்களில் அமர்வு நடத்திச் சாட்சியங்களைக் கேட்டு, 2011 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. வந்து பேசியவர்கள் கேட்கப்படாததால் வந்தவர்கள். பேசாமல் விட்டால் காயம் ஆறும் என்பதைச் சட்டமும் ஏற்கவில்லை. இலங்கைச் சட்டப்படி ஒருவர் பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஒரு காணியை ஆண்டால் அதற்கு உரிமை கோர முடியும். துரத்தப்பட்டவர் அந்தப் பத்து ஆண்டுகளில் வழக்குப்போட வரமுடியுமா? அந்த அநியாயத்தைச் சரிசெய்ய 2016இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1983 மே முதலாம் திகதியிலிருந்து 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமை கோர முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலம் கணக்கிடப்படாது என்றது அச்சட்டம். அதற்கு முன்னர் 2013இல், இடம்பெயர்ந்தவர்கள் பழைய முகவரியிலேயே வாக்காளராகப் பதிய இன்னொரு சட்டம் வந்தது. இரண்டு சட்டங்களும் கேட்பது ஒன்றையே: நீ அங்கே இருந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? உறுதி தொலைந்தவருக்கு அயலாரின் வாய்மொழிதான் அத்தாட்சி. 1990இல் ஒரு வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பம் இன்று மூன்று, நான்கு குடும்பங்களாகப் பெருகியிருக்கிறது. உதவித்திட்டப் படிவத்தில் ஒரு வீடு, ஒரு பெயர் என்றுதான் இருக்கும். அந்த வீட்டில் யார் யார் வளர்ந்தார்கள் என்று சொல்லக்கூடியவரின் வாக்குமூலம் இங்கே வீட்டுரிமையை நிர்ணயிக்கிறது.

பிள்ளைகளின் கதை வேறு. ஷாரிகா திரணகம 2011இல் வெளியிட்ட ஆய்வு நூலில், புத்தளத்தில் வளர்ந்த தலைமுறைக்கும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த தலைமுறைக்கும் ‘ஊர்’ என்பது ஒன்றாக இல்லை என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். பெற்றோருக்கு ஊர் யாழ்ப்பாணம். பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் கேட்டறிந்த இடம், புத்தளம் விளையாடிய இடம். ஒரு தொகுப்பு இந்தப் பிள்ளைகளையும் கேட்க வேண்டும். ஆனால் அவர்களிடம் சோனகதெருவை நினைவுகூரச் சொல்லிக் கேட்பது அநியாயம். அவர்கள் சொல்லக்கூடியது, ஒரு தெரு வீட்டு முற்றத்தில் பேச்சாக மட்டும் எப்படி வாழ்ந்தது என்பதை. அதுவும் தெருவின் வரலாற்றில் சேரும்.

சோனகதெருவைக் கேட்கும் முறை நகரத்தின் மற்ற மூலைகளுக்கும் பொருந்தும் என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். பறங்கித் தெருவிலிருந்து போன பறங்கியர், நகரத்தில் பேக்கரி நடத்தி 1977, 1983 கலவரக் காலங்களோடு தெற்கே போன சிங்களவர், 1990இல் கோட்டைச் சண்டையில் சிதறிய கரையோரக் குடும்பங்கள் என்று யாழ்ப்பாண நகரத்தின் பல தெருக்களில் போனவர்களின் பட்டியல் இருப்பவர்களின் பட்டியலைவிட நீளம். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் அச்சில் வந்தவற்றை மின்வடிவமாக்கியதோடு நிற்காமல் வாய்மொழி வரலாறுகளையும் பதிந்து வைக்கிறது. அந்த அடித்தளம் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் பதிவுகள் ஊர்வாரியாக இருந்தால் போதாது. எந்த ஊரைப் பற்றிச் சொல்கிறாரோ அந்த ஊரின் பெயரில் வைப்பதா, சொல்பவர் இன்று இருக்கும் ஊரின் பெயரில் வைப்பதா என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். தில்லையடியில் எடுத்த பேச்சைப் புத்தளம் என்ற பெட்டியில் போட்டால், சோனகதெருவைத் தேடுகிறவருக்கு அது கிடைக்காது.

இதுவரை கேட்கப்பட்டவற்றில் மிகக் குறைவாக ஒலிப்பது, போகாமல் இருந்த தமிழ் அயலாரின் குரல். ஒட்டுமடத்திலும் வண்ணார்பண்ணையிலும் நாவாந்துறையிலும் அன்று காலை ஒலிபெருக்கியைக் கேட்டவர்கள், சனம் பைகளோடு நடந்ததைக் கண்டவர்கள், சாவியை வாங்கி வைத்துக்கொண்டவர்கள், கதவை மூடிக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1995 வரை புலிகளின் ஆட்சியில் இதைப் பேசுவது ஆபத்து. வெளியேற்றத்துக்கு ஓராண்டுக்கு முன்புதான், 1989 செப்டெம்பரில், உண்மையைப் பதிந்த மருத்துவப் பேராசிரியர் ராஜினி திரணகம இந்த நகரத்தின் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவரது சக ஆசிரியர்கள் மறைந்திருந்துதான் வெளியேற்றத்தைப் பற்றி எழுதினார்கள். பயம் உண்மையானது, அயலாரின் மௌனத்தை ஒப்புதல் என்று படிப்பது அவசரம். பயம் போன பின்பும் மௌனம் நீண்டதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், வெட்கம் உட்பட. அதைக் கேட்காமல் ஊகிக்கக் கூடாது. கேட்பதற்கு அவகாசம் குறைந்துகொண்டே வருகிறது. 1990இல் முப்பது வயதில் கடை நடத்தியவர் இன்று அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கிறார்.

இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. 1990இல் தீவுப்பகுதியிலிருந்தும் வலிகாமம் வடக்கிலிருந்தும் இராணுவ நடவடிக்கைகளால் துரத்தப்பட்டு யாழ் நகரத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் சில, காலியாகிக் கிடந்த முஸ்லிம் வீடுகளில் தங்கவைக்கப்பட்டன. கூரை ஓடும் கதவும் நிலையும் கழற்றிக் கொண்டுபோகப்பட்ட வீடுகள் பல. எஞ்சியவற்றில் இவர்கள் சமைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், ஐந்து ஆண்டுகள் இருந்தார்கள். இழந்தவர்களாகவே வந்து, இன்னொருவரின் இழப்புக்குள் குடியிருந்தவர்கள். 1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட சோனகதெருவைச் சொல்லக்கூடிய குடியிருப்பாளர்கள் இவர்கள் மட்டுமே. குற்றவாளிகளாகக் கூண்டில் நிறுத்தினால் இவர்கள் ஒருபோதும் பேசமாட்டார்கள். அகதிகள் என்று மட்டும் எழுதினால் அந்த வீடுகளின் உண்மையான சொந்தக்காரர் மறைந்துபோவார். வலிகாமம் வடக்குக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட பின்பு இவர்களில் பலர் தங்கள் பழைய வளவுக்குத் திரும்பி, மரமும் எல்லைக்கல்லும் தெரியாமல் தேடியிருக்கிறார்கள். சோனகதெருவுக்குத் திரும்பி வந்தவர் தேடியதும் அதையேதான். தொகுப்பு நடத்த முன்வருகிறவர்கள் தெல்லிப்பழைக்கும் வேலணைக்கும் போய் இவர்களிடம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: எந்த வீதியில், எத்தனையாவது வீட்டில் இருந்தீர்கள், உள்ளே போனபோது அங்கே என்ன இருந்தது, அந்த வீடு யாருடையது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள், 1995இல் வெளிக்கிட்டபோது எதை விட்டுப் போனீர்கள். அந்தப் பதில்களைத் தில்லையடியில் வரையப்பட்ட வீட்டுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால், அந்த ஐந்து ஆண்டுகளின் சோனகதெருவை முதல் தடவையாக எழுதத் தொடங்கலாம்.